பேசக்கூடாதாம்

கண் விழித்ததும் ஒச்சம்மாள் முதலில் செய்தது மகளைத் திட்டியது. சத்தம்தான் வரவில்லை. உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வாயிலிருந்து வெறும் காற்று மட்டும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற செல்வலட்சுமிக்கு அது என்னவென்று கேட்காமலே தெரிந்தது. பிறந்து முப்பத்தாறு வருஷமாகக் கேட்பதுதான். எங்கிட்டுடி போயித் தொலஞ்ச? அவள் எங்கும் போகவில்லை. காலை ஏழு மணிக்கு அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போன அந்தக் கதவுக்கு வெளியேதான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருந்தாள்.

பித்தப்பையில் கல். வயிற்றில் மூன்று ஓட்டை போட்டு எடுத்துவிடலாம், நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். எடுத்தும் விட்டார்கள். சாயங்காலம் மயக்க டாக்டர் வந்தார். சந்தீப் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளவயதுக்காரர். அம்மாவுக்குக் கழுத்து குட்டை, வாயும் சரியாகத் திறக்கவில்லை, மூச்சுக்கான குழாயை மூன்றாவது தடவைதான் இறக்க முடிந்தது, அதனால் தொண்டை கொஞ்சம் புண்ணாகியிருக்கும், இரண்டு நாளில் மாறிவிடும் என்று மலையாளத்தில் சொன்னார். சொல்லும்போது செல்வலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் மாறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மாறவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறி முகம் கறுத்துப்போய் இருமினாள் ஒச்சம்மாள்.

கொச்சியில் மட்டாஞ்சேரி சந்தையில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த புருஷன் பிச்சைமணி சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாக்கு விரித்துக் காய்கறி விற்க உட்கார்ந்தவள் அவள். முருங்கைக்காய், சின்ன வெங்காயம் என்று அவள் கூவினால் படகுத்துறையில் இறங்குகிறவர்களுக்குக் கேட்கும். ஆனால் சனங்கள் அவளிடம் வந்து நின்றது காய்க்காக மட்டுமில்லை. அவள் கதை சொல்லுவாள். பெரும்பாலும் ஒரே கதைதான், மகளுடைய கதை. இருபத்திரண்டு வயதில் கும்பளங்கியில் மீன் குளம் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்ததும், அவள் மூன்றே வருஷத்தில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததும். "மீன் குளத்துக்காரனுக்கு மீன் கொளம்பு வக்கத் தெரியல எம் மகளுக்கு. மொகத்துல ஊத்தி அனுப்பிச்சுட்டான்." சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். கறிவேப்பிலை மாதிரி, கால் கிலோ வெங்காயம் வாங்குகிறவர்களுக்கும் அது கொசுறாகக் கிடைத்தது. செல்வலட்சுமி கோட்டைக் கொச்சியில் ஒரு லாட்ஜில் அறை கூட்டிப் படுக்கை மாற்றுகிற வேலை பார்த்தாள். வேலை முடிந்து சந்தை வழியாக வரும்போது, முகம் தெரியாத பெண்கள்கூட அவளைப் பார்த்து, ஓ இவள்தானா என்று ஒரு நொடி நின்றுவிட்டுப் போவார்கள். பதினோரு வருஷமாக அப்படி.

ஒன்பதாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது காது மூக்குத் தொண்டை டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். மூக்கில் மருந்தடித்து, கறுப்பு நூல் போன்ற ஒரு காமிராவை உள்ளே விட்டுப் பார்த்தாள் டாக்டரம்மா. ஒச்சம்மாள் இருமிக் கண்ணீர் விட்டு வெளியே பெஞ்சில் போய்ச் சாய்ந்த பிறகு, மகளை மட்டும் கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினாள். குரல் வருகிற இரண்டு நாண்களில் வலது பக்கத்தது அசைந்தது. இடது பக்கத்தது அசையாமல் கிடந்தது. அதை அசைக்கிற சின்னக் குருத்தெலும்பு ஒன்று உண்டு, குழாய் இறக்கும்போது தட்டி அது மூட்டிலிருந்து விலகியிருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்து, அதை உள்ளேயே தள்ளிச் சரியான இடத்தில் வைத்துவிடலாம். குரல் திரும்பிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் நடந்ததிலிருந்து மூன்று வாரத்துக்குள் செய்யவேண்டும். விட்டால் மூட்டு அப்படியே ஒட்டிப்போகும், பிறகு யாராலும் அசைக்க முடியாது. "வைகருது, கேட்டோ" என்று இரண்டு தடவை சொன்னாள், தாமதிக்கக் கூடாது என்று. பணம் எதுவும் கட்டவேண்டாம், ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். வருகிற செவ்வாய்க்கிழமை, வெறும் வயிற்றோடு. ஒரு காகிதத்தில் மலையாளத்தில் எழுதியும் கொடுத்தாள். கஞ்சி கொடுக்கும்போது தலையை இடப்பக்கம் திருப்பி, தாடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டால் புரையேறாது என்று நர்ஸ் செய்து காட்டினாள்.

வெளியே வந்தாள் செல்வலட்சுமி. பெஞ்சிலிருந்து அம்மா நிமிர்ந்தாள். என்னடி சொன்னா? அந்தக் காற்றுப் பேச்சு அதற்குள் செல்வலட்சுமிக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் உஸ் என்றுதான் கேட்டது.

"தானாச் சரியாயிருமாம்" என்றாள். அது ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் அதைவிடத் தெளிவாக இன்னொன்றும் வந்தது. "அதுவரைக்கும் நீ பேசக்கூடாதாம்."

ஒரே ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தபோது, கஞ்சி சட்டியில் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது கேட்டது. அடுத்த வீட்டு ரேடியோவில் பாட்டு இருந்தது, அதன் வரிகள்கூடக் கேட்டன. இந்த வீட்டில் இவ்வளவு சத்தங்கள் இருந்தன என்பதே அவளுக்குப் புதிது. சாப்பிட்டு முடித்தவள் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள். யாரும் திட்டவில்லை.

ஒச்சம்மாள் வாழ்நாளில் எந்த மனுஷருக்கும் கட்டுப்படாதவள். டாக்டர் சொன்னதற்குக் கட்டுப்பட்டாள். பேசாமலிருந்தால் குரல் வரும் என்று நம்பினாள். பசித்தால் தட்டைத் தட்டினாள். மிகவும் முடியாதபோதுதான் உதட்டை அசைத்தாள். தூக்கத்தில் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் அந்தக் கட்டை அவிழ்க்கும்போது, ஏதோ ஒன்றைச் சொல்லிப்பார்க்கப் போகிறவள்போல் தொண்டையைச் செருமி, பிறகு வேண்டாம் என்று அடக்கிக்கொள்வாள். செல்வலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே சாயா போட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படியே போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது வாசலுக்குப் போய், ஊருக்கு வந்திருக்கிறோம் என்றாள். அப்படியானால் அடுத்த செவ்வாய், அதுதான் கடைசி, மறக்காமல் வரச்சொன்னார்கள்.

லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு சந்தைக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். சாக்கின் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் இவள். விலையை இவள் சொன்னாள். வருகிறவர்கள் எல்லாரும், ஒச்சம்மாவுக்கு என்ன ஆச்சு என்று இவளைத்தான் கேட்டார்கள். முதல் நாள் சொல்லும்போது நாக்கு ஒட்டியது. மூன்றாம் நாள் சரளமாக வந்தது. சேர்லாயிலிருந்து வாரா வாரம் முருங்கைக்காய்க்கு வருகிற அனந்தலக்ஷ்மி மாமி, பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"எந்தா ஒச்சம்மா, தொண்டை இப்படி ஆயிடுத்தே! ஆம்பிள்ளை மாதிரி கூவிண்டிருந்தவளாக்கும். பொண்ணு நன்னா பாத்துக்கறாளோ?"

ஒச்சம்மாள் மாமியின் கையைப் பிடித்து இழுத்து அவள் காதில் ஏதோ ஊதினாள். மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. செல்வலட்சுமியைப் பார்த்தாள். செல்வலட்சுமிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது. வாழாவெட்டி கையில வாங்கித் திங்கிற கெதி எனக்கு, புருசனுக்கு ஆக்கிப்போடத் தெரியாதவ எனக்கு ஆக்கிப்போடுறா.

"நல்லாப் பாத்துக்கறேனாம் மாமி. இவ இல்லேன்னா நான் செத்தே போயிருப்பேன்னு சொல்றாங்க."

மாமியின் கண் கலங்கியது. "பொண்ணுன்னா இப்படின்னா இருக்கணும்" என்று செல்வலட்சுமியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். ஒச்சம்மாள் மகளையே பார்த்தாள். செல்வலட்சுமி அந்தப் பார்வைக்குத் திரும்பவில்லை. ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது, கள் குடித்தவளுக்குப்போல. அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது தான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவதைத் தாமதமாகத்தான் கவனித்தாள்.

கடைசிச் செவ்வாய்க்கு முந்தைய நாள், மழையில் சந்தை மதியமே கலைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இருவரும் ஈரத்தலையோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் நாளைக்குப் பிறகு இந்தச் சத்தமில்லாத வீடு கிடைக்காது என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அம்மா இதுவரை சொல்ல விடாத ஒன்றைச் சொல்ல இந்த ஒரு மதியம்தான் இருக்கிறது.

"கும்பளங்கில என்ன நடந்துச்சுன்னு ஒனக்குச் சொல்றேம்மா" என்றாள். ஒச்சம்மாள் வழக்கம்போலக் கையை ஆட்டித் தடுத்தாள். தடுக்க இப்போது கை மட்டும்தான் இருந்தது. செல்வலட்சுமி சொல்லிக்கொண்டே போனாள். குளத்துக் கரையில் இருந்த ஒற்றை அறை வீடு. புருஷனுடைய அண்ணன் அங்கே வந்து போனது. முதல் தடவை அவள் கத்தியபோது புருஷன் ஓடி வருவான் என்று நினைத்தது. அவன் வெளியே வரப்பில் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. குளத்தின் குத்தகைப் பணம் அண்ணனுடையது என்பது பிற்பாடு தெரிந்தது. இரண்டு தடவை பஸ் ஏறி அம்மாவிடம் ஓடி வந்ததும், இரண்டு தடவையும் பை நிறையக் காய்கறி கட்டி அதே பஸ்ஸில் திரும்ப ஏற்றிவிட்டதும். அழாமல்தான் சொன்னாள். ஒரு நிறுத்தம்கூட விடாமல் பஸ் போகிற பாதையைச் சொல்லுகிறவள்போலச் சொன்னாள். ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை.

ஒச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு உதடு அசைந்தது. டாக்டர் பேச்சை மீறி அவள் பேசினாள்.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"ரெண்டாந் தரம் வந்தப்ப ஒன் ஒடம்பப் பாத்தேன்ல. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பிச்ச?"

ஒச்சம்மாள் கண்ணைத் திறந்தாள். அந்தக் கண்ணில் வெட்கம் இல்லை. இதுகூடப் புரியாதா என்கிற அலுப்புத்தான் இருந்தது. "தம்பி படிச்சுக்கிட்டிருந்தான். நீ வந்து உக்காந்தா ஊரு சிரிக்கும்ல." சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமே என்று பயந்து முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் செல்வலட்சுமி அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தாள். கெட்டியாகக் காய்ச்சி, ஆற்றி, உப்புப் பார்த்து, தலையை இடப்பக்கம் திருப்பித் தாடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கரண்டியும் உள்ளே இறங்கும்வரை காத்திருந்து கொடுத்தாள். ஒரு தடவைகூடப் புரையேறவில்லை. ஒன்பது மணிக்குப் போன் வந்தது. வாசலுக்குப் போகவில்லை, அடுப்படியில் நின்றே எடுத்தாள். "சரியாயி. இப்போ நல்லோணம் சம்சாரிக்குன்னுண்டு" என்றாள், இப்போது நன்றாகப் பேசுகிறாள் என்று. அந்தப் பக்கத்தில் இருந்த பெண் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அம்மாவுக்கு இங்கே எல்லாரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது ஒச்சம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சந்தை மலையாளம் முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியும். யாருக்கடி? என்று உதட்டால் கேட்டாள். "லாட்ஜில ஒரு சேச்சி. அவங்க பிள்ளைக்குப் பேச்சு வந்துருச்சாம்" என்றாள் செல்வலட்சுமி. அம்மா நம்பினாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயலவில்லை.

தம்பி விக்கி வந்தது இரண்டு மாதம் கழித்து. ஆலுவாவில் கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக், அங்கேயே பெண் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டு மாடியில் இருந்தான். இதுவரை போனில், அம்மாவுக்குப் பரவாயில்லை என்று அக்கா சொன்னதோடு சரி. வாசலில் நின்ற தாயைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. ரவிக்கை தோளில் தொங்கியது. அவள் வாயைத் திறந்து காற்றாக எதையோ சொன்னபோது பயந்து ஒரு அடி பின்னால் போனான். மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் காரை எடுத்துவந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வரமாட்டேன் என்று சொல்லச் செல்வலட்சுமிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

டாக்டரம்மா காமிராவை விட்டுப் பார்த்தாள், ஸ்கேன் எடுக்கச் சொன்னாள், மதியம் மூவரையும் உட்காரவைத்துப் பேசினாள். மூட்டு ஒட்டிவிட்டது. அசையாத நாணைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளிவைக்க ஒரு ஆபரேஷன் இருக்கிறது, புரையேறுவது குறையலாம், கரகரவென்று ஏதோ ஒரு சத்தம் வரலாம். பழைய குரல் வராது. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். இரண்டு தடவை தேதி கொடுத்தோம், இரண்டு தடவை கூப்பிட்டோம், நன்றாகப் பேசுகிறார் என்று நீங்கள் சொன்னதாக இங்கே எழுதியிருக்கிறது. மூன்று வாரத்துக்குள் என்று உங்களிடம்தானே சொன்னேன்?

செல்வலட்சுமி ஆமாம் என்றாள்.

வெளியே வராந்தாவில் டோக்கன் எடுத்து ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தான் விக்கி. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "நீ மனுசியாக்கா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் தாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, நீ என்கூட ஆலுவாவுக்கு வந்துரு. இனிமே ஒரு நிமிசம் அங்க இருக்காத. நான் பாத்துக்கறேன்."

ஒச்சம்மாள் மகன் தலையைத் தடவினாள். பதில் சொன்னாள். நீளமான பதில்.

"என்னம்மா?" என்றான் விக்கி. காதை அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் திரும்பச் சொன்னாள். "என்ன? சத்தமாச் சொல்லும்மா." அவள் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, மூன்றாம் தடவையும் சொன்னாள். ஒரு சொல்கூட அவனுக்குப் பிடிபடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இங்கும் அங்கும் பார்த்தவன், கடைசியில் பழக்கத்தில் அக்காவின் பக்கம் தலையைத் திருப்பிவிட்டான்.

செல்வலட்சுமிக்கு எல்லாம் கேட்டிருந்தது. இதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம். ஆலுவாவுக்கு வருகிறேன் என்கிறாள் என்று சொன்னால் போதும், நாளையிலிருந்து வீடு தன்னுடையது. சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது அம்மாவின் குரல். சந்தையில் படகுத்துறை வரைக்கும் கேட்ட அதே கட்டைக் குரல், அதே இழுப்பு. அது தன் தொண்டைக்குள் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒன் மாமனா வீட்டு மாடியில ஒக்காந்து ஒன் பொண்டாட்டி ஊத்துற கஞ்சிக்கு நான் ஏங்கிக் கெடக்கணுமாடா? நான் என்ன சொல்றேன்னு ஒனக்கே வெளங்கல, அவளுக்கு வெளங்கிருமா? பசிக்கிதுன்னு நான் எவகிட்டச் சொல்ல? இந்தக் கொலகாரி, எம் வயித்துல பொறந்த மூதேவி, தெரிஞ்சே எந் தொண்டைய அறுத்தவ, இவளுக்குத்தான்டா எம் பேச்சு வெளங்குது. நான் இங்கிட்டே கெடந்து சாகுறேன்."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். டோக்கன் கூப்பிடுகிற பெண் நிறுத்திவிட்டு எழுந்து பார்த்தாள். விக்கி எழுந்து, "போதும்க்கா, போதும்" என்று கையைக் காட்டினான். செல்வலட்சுமி நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

ஒச்சம்மாள் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துகொள்ள முயன்று, சாய்ந்துவிடாமலிருக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்காமலே, ஒரு விரலால் அந்த முழங்காலைத் தட்டினாள். கடைசி வரி ஒன்றை மகள் விட்டுவிட்டிருந்தாள். மறுபடி தட்டினாள்.

"செத்தா" என்றாள் செல்வலட்சுமி, அதே குரலில், தம்பியைப் பார்த்து. "செத்தா எம் பொணத்த மட்டும் இவ தொடப்படாது."

ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். கை முழங்காலிலேயே இருந்தது.